கடைவாயில் ஒரு கடல்

மூன்று முறை தேதி வாங்கி
மூன்று முறையும் வராதவள்.
நான்காம் முறை வந்தாள், தாடை வீங்கி,
தல்காவானோ கப்பல் பட்டறையின்
நீல உடுப்பைக்கூட மாற்றாமல்.
பதிவேட்டில் எழுதினேன்:
ஒத்திலியா சன்வேசா, நாற்பத்தேழு, வெல்டர்.
இடது கீழ்க் கடைவாய். சொத்தை ஆழம்.
படிவத்தில் அச்சத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு,
பூஜ்யம் முதல் பத்து வரை.
பேனாவைப் பிடுங்கி
பதினொன்று என்று அவளே போட்டாள்.

எரிகிற இரும்பின் முன்
இருபது வருஷம் குந்தியிருந்தவள்.
கப்பலின் வயிற்றுக்குள்
ஆள் நுழையாத இண்டு இடுக்கில்
மல்லாந்து, சில நேரம் தலைகீழாய்,
பொறி கழுத்துக்குள் விழ விழ
இரும்புக்குத் தையல் போட்டவள்.
அதையெல்லாம்
பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம்.
இங்கே மட்டும்தான்
பல்லைக் கடிக்க வழியில்லை.

போன மாதம் வந்த சாமான் ஒன்று
அலமாரியில் இருந்தது.
கண்ணை மூடும் கறுப்புப் பெட்டி, பின்னால் வார்.
உள்ளே மூன்று உலகங்கள்: காடு, கடல், பனிமலை.
டாக்டர் பயேசாவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது.
கண்கட்டு வித்தை என்பார்.
என்றாலும் ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும்
அவரே ஆல்கஹால் தொட்டுத் துடைத்து வைப்பார்.

எதைப் போடட்டும் என்றேன்.
"கடல் வேண்டாம். தினமும் பார்க்கிறேன்."
காடு?
"மரங்கொத்தி இருக்குமா?"
இருந்தது.
கடலையே போட்டேன்.
எங்கள் கடல் அல்ல அது,
டீசல் மிதக்காதது,
கடல்சிங்கம் குரைக்காதது,
காலை வைத்தால் எலும்பு குளிராதது.

ஊசி போனது.
அவள் கை நாற்காலியை விட்டு எழுந்து
காற்றில் எதையோ தடவியது.
அவள் பார்ப்பது என் சின்னத் திரையிலும் தெரியும்:
பவளம், மஞ்சள் மீன்,
அவசரமே இல்லாத ஓர் ஆமை.
ஐந்து விரல், இரண்டு நகம் கறுத்தவை,
ஆமையின் முதுகுக்கு அரை அங்குலம் மேலே.
துளைப்பான் கூவத் தொடங்கியது.
பூட்ஸ் நுனி ஒரு தரம் நிமிர்ந்து
அடங்கியது.

பாதிப் பல்லில் கடல் அணைந்தது.

சார்ஜ் போட மறந்தவள் நான்.
டாக்டருக்குக் கை காட்டினேன், துளைப்பான் நின்றது.
பெட்டியைக் கழற்ற
வாரில் விரல் வைத்தேன்.
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
வாய் நிறையப் பஞ்சு, உறிஞ்சுகுழல்.
சொல் வரவில்லை. தலை மட்டும் அசைந்தது.
வேண்டாம்.
நடுங்கியது என் கைதான்.
பிறகு சுட்டுவிரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள்,
பட்டறையில்
கிரைண்டரை ஓட்டு என்று சொல்வதைப் போல.
டாக்டர் ஓட்டினார்.

பதினான்கு நிமிடம்.
கடல் இல்லை, ஆமை இல்லை,
மூச்சு மட்டும் நங்கூரமிட்ட படகைப் போல
ஏறி இறங்கியது.

பஞ்சை எடுத்ததும்
மரத்த உதட்டால் சொன்னாள்:
"ஆமை நல்லாத்தான் இருந்தது.
ஆனால் அது போன பிறகுதான்
எங்கே இருக்கிறேன் என்று பிடிபட்டது.
கண்ணுக்கு முன்னால் கறுப்பு என்றால்
வெளியே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.
பொறி பறக்கும். பறக்கட்டும்.
முகம் பத்திரம்."
அவள் 'ப' எல்லாம் காற்றாய்ப் போயிற்று.
டாக்டர் சிரிக்காமல் கையுறையைக் கழற்றினார்.

சிகிச்சைக்குப் பின் என்ற கட்டத்தில்
எண் எதுவும் போடவில்லை.
வலப்பக்கப் பல்லுக்குத் தேதி கேட்டாள்.

சாயங்காலம் பெட்டியைச் சார்ஜில் செருகினேன்.
சிவப்பு விளக்கு.
பச்சையாகும் வரை பொறுக்காமல்
அணைந்தபடியே ஒரு தரம்
மாட்டிப் பார்த்தேன்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
ஆல்கஹால் வாசனை.
அதற்கடியில், லேசாக,
சுட்ட இரும்பு.